மேல்வீட்டுக் கசிவு, கீழ்வீட்டுக் கோரிக்கை: எவ்வளவு கொடுப்பது நியாயம்?

தேக்கா சந்தைக்கு நடந்துபோகும் தூரத்தில் உள்ள ஒரு வீவக புளோக்கில் என் பெரியம்மா குடியிருக்கிறார். பெரியப்பா காலமான பிறகும் அந்த மூவறை வீட்டை விட்டு அவர் நகரவில்லை. சென்ற ஆண்டு தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியது, அவர் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத ஒரு காப்புறுதி நிறுவனம். அவருடைய குளியலறையிலிருந்து கசிந்த தண்ணீரால் கீழ்வீட்டில் 7,400 வெள்ளி சேதம் ஏற்பட்டுள்ளது, 14 நாள்களுக்குள் அதைச் செலுத்த வேண்டும் அல்லது கடிதத்தைத் தம் காப்புறுதி நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. சமையலறை அலமாரி முழுவதும், ஃபால்ஸ் சீலிங், விளக்குகள், இரண்டு அறைகளுக்கு வண்ணப்பூச்சு என்று ஒரு பட்டியலும் இணைக்கப்பட்டிருந்தது.

பெரியம்மா அன்றே சேமிப்புப் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டார். “அந்த அங்கிள் வீட்டில் தண்ணீர் இறங்கியது உண்மைதானே. கொடுத்துத் தொலைத்துவிடலாம். நாலு பேர் முன்னால் அசிங்கம் வேண்டாம்,” என்றார். செங்காங்கிலிருந்து ஓடிவந்த அவர் மகன் நேர்மாறாகப் பேசினான். “ஒரு காசு கொடுக்கக்கூடாது. கட்டடம் பழசு. வீவகவிடம் போய்க் கேட்கச் சொல்லுங்கள்.”

அடுக்குமாடியில் வாழும் நம்மவர்களிடம் நான் அதிகம் பார்த்திருப்பது இந்த இரண்டு பதில்களைத்தான். ஒன்று, மானத்துக்கு அஞ்சி முழுத் தொகையையும் கொடுப்பது. மற்றது, கோபத்தில் எல்லாவற்றையும் மறுப்பது. இரண்டிலும் ஒரே தவறு இருக்கிறது. வந்திருப்பது தீர்ப்பு அல்ல, வெறும் கோரிக்கை. கோரிக்கைக்குள் காரணம், அளவு, விலை என்று மூன்று தனித்தனிக் கேள்விகள் உள்ளன. காரணம் சரியாக இருப்பதாலேயே அளவும் விலையும் சரியாகிவிடாது. அதேபோல விலை கூடுதலாக இருப்பதால் காரணம் பொய்யாகிவிடாது.

இதை இப்போது பேச வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. சிங்கப்பூரில் வசிப்போரில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் வீவக வீடுகளில் இருக்கிறார்கள். அந்த வீடுகளுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. வீட்டு மேம்பாட்டுத் திட்டம் 2007ல் அறிவிக்கப்பட்டபோது 1986 வரை கட்டப்பட்ட வீடுகளுக்கு மட்டும் என்று இருந்தது. 2018 தேசிய தினப் பேரணி உரையில் அது 1997 வரை கட்டப்பட்ட வீடுகளுக்கும் விரிவாக்கப்பட்டது. குளியலறைத் தரைக்கு அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு நிரந்தரமானதல்ல. புது வீவக வீடுகளிலேயே கூரைக் கசிவுக்கான உத்தரவாதம் ஐந்தாண்டுதான். முப்பது, நாற்பது ஆண்டு வீட்டில் தண்ணீர் இறங்குவது யாருடைய ஒழுக்கக்கேடும் அல்ல. அது தேய்மானம்.

அதனால்தான் வீவக இந்த விஷயத்தில் குற்றவாளியைத் தேடுவதில்லை. இடையிலுள்ள கான்கிரீட் தளம் மேல்வீட்டுக்குத் தரை, கீழ்வீட்டுக்குக் கூரை. கசிவைக் கண்டறிந்து சரிசெய்வது இரு வீட்டாரின் கூட்டுப் பொறுப்பு என்பது அதன் நிலைப்பாடு. நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தின்கீழ் வீவக பாதிச் செலவை ஏற்கிறது. மீதியை மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் கால் பங்கு, கால் பங்காகப் பிரித்துக்கொள்ள வேண்டும். “என் கூரையில் ஒழுகுகிறது, நான் எதற்குக் கால் பங்கு கொடுக்க வேண்டும்?” என்று கீழ்வீட்டார் கேட்பது உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இங்கு கவனிக்க வேண்டியது வேறு. இந்தத் திட்டம் கசிவை நிறுத்தும் செலவுக்கானது. நனைந்துபோன அலமாரிக்கும் விளக்குக்கும் இதில் இடமில்லை. சண்டை தொடங்குவது பெரும்பாலும் அந்த மிச்சத்தில்தான்.

பெரியம்மாவுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. “நான்தான் இன்ஷுரன்ஸ் கட்டியிருக்கிறேனே!” அவர் சொன்னது வீவக தீக் காப்புறுதியை. 1994 செப்டம்பர் 1 முதல் வீவகவிடம் வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு, கடன் முடியும்வரை அது கட்டாயம். 2019 முதல் எஃப்டபிள்யூடி நிறுவனம் அதை வழங்கியது. 2024 ஆகஸ்ட் முதல் எட்டிக்கா வழங்குகிறது. ஐந்தாண்டுக்கே சில வெள்ளிதான் சந்தா. அந்த விலையிலேயே அதன் எல்லை தெரிந்துவிடும். வீவக கட்டித்தந்த சுவர், தரை, கதவு, பொருத்தப்பட்ட சாதனங்கள் ஆகியவற்றை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவைத்தான் அது ஏற்கும். நாம் வாங்கிய சோஃபா, நாம் செய்த புதுப்பிப்புப் பணி, நம் துணிமணி எதுவும் அதில் அடங்காது. கீழ்வீட்டாருக்கு நாம் கொடுக்க வேண்டிய இழப்பீட்டை ஏற்பது வேறொரு வகைக் காப்புறுதி. தனியாக வாங்கும் வீட்டுப் பொருள் காப்புறுதிகள் பலவற்றில், ‘தனிநபர் பொறுப்பு’ என்ற பிரிவில் அது இருக்கும். பெரியம்மாவிடம் அது இல்லை. கீழ்வீட்டு அங்கிளிடம் இருந்தது. அதனால் அவர் தம் நிறுவனத்திடம் பணம் கேட்டார், நிறுவனம் கொடுத்தது. பிறகு கொடுத்த பணத்தை வசூலிக்க அவருடைய இடத்தில் நின்றுகொண்டு பெரியம்மாவுக்குக் கடிதம் எழுதியது. காப்புறுதித் துறையில் இது அன்றாட நடைமுறை. அதில் மோசடி எதுவும் இல்லை.

அந்தப் பிரிவு உங்களிடம் இருந்தால் ஓர் எச்சரிக்கை. இப்படி ஒரு கடிதம் வந்தால் உடனே உங்கள் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அவர்கள் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக்கூடாது என்பது வழக்கமான நிபந்தனை. அண்டைவீட்டாரிடம் “மன்னிக்கணும் அங்கிள், வந்து பார்க்கிறேன்,” என்று சொல்லலாம். “எவ்வளவு ஆனாலும் நான் தருகிறேன்,” என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டால், பிறகு உங்கள் நிறுவனமே கையை விரித்துவிடலாம்.

பெரியம்மாவின் விவகாரத்தில் கடிதப் போக்குவரத்து என் தலையில் விழுந்தது. முதலில் காரணத்தைப் பார்த்தோம். வீவக அதிகாரிகள் வந்து குளியலறைத் தரையில் வண்ணம் கலந்த தண்ணீரைத் தேக்கிச் சோதித்தார்கள். கீழ்க்கூரையில் அதே வண்ணம் இறங்கியது. ஆக, கசிவு எங்களுடையதுதான். மகன் முகம் வாடியது. இங்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இத்தகைய சோதனைக்குக் கதவைத் திறக்க மறுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களால் பல மாதம் ஒழுகலில் வாழ்ந்த குடும்பங்களும் உண்டு. அதனால்தான் 2015ல் சட்டம் திருத்தப்பட்டு, அவசரப் பழுதுபார்ப்புக்காக வீட்டுக்குள் நுழையும் அதிகாரம் வீவகவுக்குக் கொடுக்கப்பட்டது. சந்தேகத்துக்குரிய கோரிக்கையை எதிர்க்கும் உரிமை வேறு, சோதனைக்கு ஒத்துழைக்கும் கடமை வேறு. பின்னதைச் செய்யாதவர் முன்னதைப் பேசினால் யாரும் நம்பமாட்டார்கள்.

அடுத்தது அளவு. தேதியுள்ள படங்களையும், இழப்பு மதிப்பீட்டாளரின் அறிக்கையையும், உண்மையில் கொடுக்கப்பட்ட தொகைக்கான ஆதாரத்தையும் அனுப்பும்படி பணிவாக எழுதினோம். எல்லாவற்றையும் காட்டியாக வேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்த நமக்கு உடனடி அதிகாரம் கிடையாது. ஆனால் நிரூபிக்கும் சுமை கேட்பவருடையது. ஆதாரம் தராமல் பணம் கேட்பவருக்குப் பணம் தர வேண்டியதில்லை. மூன்று வாரம் கழித்துப் படங்கள் வந்தன.

குளியலறைக் கூரையின் ஒரு மூலையில் மஞ்சள் கறை இருந்தது, வண்ணப்பூச்சு உரிந்திருந்தது. அதில் மறுப்பதற்கு ஏதுமில்லை. சமையலறை அலமாரியின் படத்தைத்தான் நான் நீண்டநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலிருந்து இறங்கும் தண்ணீர் அலமாரியின் மேல்தட்டையும் பின்பலகையையும்தான் முதலில் தொடும். படத்தில் அவை இரண்டும் நன்றாக இருந்தன. உப்பி வெடித்திருந்தது அடிப்பலகை. அதுவும் கழுவுதொட்டிக்கு நேர் கீழே. அந்தச் சேதம் அவர்கள் வீட்டுக் குழாயிலிருந்து வந்திருக்கவே அதிக வாய்ப்பு. இரண்டு அறைகளுக்கு வண்ணம் பூச வேண்டிய காரணம் எந்தப் படத்திலும் தெரியவில்லை.

அங்கிள் ஏமாற்றுக்காரரா? இல்லை. பெரியம்மா ஒருநாள் கீழே போய் அவருடன் பசார் மலாயில் பேசினார். எழுபதைத் தாண்டிய அவருக்குப் பட்டியலில் என்ன இருந்தது என்றே சரியாகத் தெரியவில்லை. புதுப்பிப்பு ஒப்பந்ததாரர் வந்து பார்த்தாராம். “இன்ஷுரன்ஸ் கொடுக்கிறதா? அப்படியென்றால் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதிவிடலாம்,” என்றாராம். எனக்குத் தெரிந்தவரை சந்தேகத்துக்குரிய கோரிக்கைகளில் பல இப்படித்தான் உருவாகின்றன. கையில் காசு கொடுத்தால் ஒரு விலை, காப்புறுதி கொடுத்தால் இன்னொரு விலை. இடையில் யாரும் பொய் சொன்னதாகவே நினைப்பதில்லை.

திட்டமிட்ட மோசடி நடப்பதே இல்லை என்று சொல்லவில்லை. நடக்காத சேதத்தை நடந்ததாகக் காட்டிப் பணம் பெறுவது ஏமாற்றுக் குற்றம். அத்தகைய சந்தேகத்துக்கு வலுவான ஆதாரம் இருந்தால் காவல்துறையிடம் செல்லலாம். காப்புறுதி மோசடி பற்றித் தகவல் தருவதற்கென்றே பொதுக் காப்புறுதிச் சங்கம் ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. ஆதாரம் இல்லாமல் புளோக் வாட்ஸ்அப் குழுவில் “ஏழாம் மாடிக்காரர் பிராடு” என்று எழுதுவது வேறு கதை. அலமாரிக்காகத் தொடங்கிய பிரச்சினை அவதூறு வழக்கில் போய் நிற்கும்.

மூன்றாவது கேள்வி விலை. நம்மில் பலர் தவறவிடுவது இதைத்தான். அங்கிளின் பாலிசி ‘பழையதற்குப் புதியது’ என்ற வகையாக இருக்கலாம். பதினைந்து ஆண்டு அலமாரிக்குப் புத்தம்புது அலமாரியின் விலையை நிறுவனம் அவருக்குத் தரலாம். அது அவர் சந்தா கட்டி வாங்கிய சலுகை. மேல்வீட்டாரின் பொறுப்போ பொதுவாக உண்மையான இழப்பு அளவுக்குத்தான். பழைய பொருளுக்குப் பழைய பொருளின் மதிப்பு. மேலும், இன்னொருவரின் இடத்தில் நின்று வசூலிக்க வரும் நிறுவனம் தான் கொடுத்ததைவிட அதிகமாகத் தனக்காகக் கேட்க முடியாது. பெரியம்மாவிடம் கேட்கப்பட்ட 7,400 வெள்ளி ஒப்பந்ததாரரின் உத்தேச விலை. மதிப்பீட்டாளர் வெட்டிக் குறைத்த பிறகு நிறுவனம் உண்மையில் கொடுத்தது 4,900 வெள்ளி. நாங்கள் கேட்காமலிருந்தால் அந்த 2,500 வெள்ளி வித்தியாசம் வெளியே வந்திருக்காது.

கூட்டுரிமைக் குடியிருப்புகளில் நிலைமை வேறு. அங்கு 2004ல் இயற்றப்பட்ட கட்டடப் பராமரிப்பு, அடுக்குரிமை நிர்வாகச் சட்டம் பொருந்தும். கீழ்வீட்டுக் கூரையில் ஈரமோ கசிவோ தெரிந்தால், மறுத்து நிரூபிக்கப்படும்வரை, குறை மேல்வீட்டில்தான் இருக்கிறது என்று அதன் 101(8) பிரிவு அனுமானிக்கிறது. வீவக வீட்டில் கேட்பவர் நிரூபிக்க வேண்டியதை, இங்கு மேல்வீட்டார் மறுத்து நிரூபிக்க வேண்டும். வெளிச்சுவர் வழியாகவோ பொதுக் குழாயிலிருந்தோ தண்ணீர் வந்தது என்று காட்டினால் அனுமானம் உடையும். அதற்கு நிபுணர் அறிக்கை தேவை, செலவும் ஆகும். கசிவு நடந்த முதல் வாரத்திலேயே அதைச் செய்துவிட வேண்டும். தரையை உடைத்துப் புது ஓடு பதித்த பிறகு நிபுணருக்குப் பார்க்க எதுவும் மிஞ்சியிருக்காது.

அங்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டடம் முழுவதற்கும் காப்புறுதி எடுப்பது நிர்வாகக் கழகத்தின் சட்டக் கடமை. ஒரு வீட்டார் அந்தப் பொதுப் பாலிசியில் பெரிய தொகை கோரினால், அடுத்த ஆண்டுச் சந்தா உயர்ந்து எல்லாருடைய பராமரிப்புக் கட்டணத்திலும் வந்து உட்காரலாம். உரிமையாளர் எவரும் எழுத்துமூலம் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, அந்தப் பாலிசியைப் பார்வையிட முடியும். ஆண்டுக் கூட்டத்தில் நீச்சல்குளத்து நாற்காலிகளைப் பற்றி ஒரு மணிநேரம் பேசுபவர்கள், காப்புறுதிப் பக்கத்தை ஒரு நிமிடத்தில் புரட்டிவிடுவதை நானே கண்டிருக்கிறேன்.

பேச்சுவார்த்தை முறிந்தால் எங்கே போவது என்பதில் நிறையக் குழப்பம். நிதித் துறைப் பூசல்களைத் தீர்க்கும் ஃபிட்ரெக் நிலையம் உங்களுக்கும் உங்கள் சொந்தக் காப்புறுதி நிறுவனத்துக்கும் இடையிலான தகராறுக்கானது. கீழ்வீட்டாரின் நிறுவனம் உங்களிடம் பணம் கேட்டால் அங்கே போய்ப் பயனில்லை. அங்கிளுக்கு அவருடைய நிறுவனம் குறைத்துக் கொடுத்திருந்தால் அவர் போகலாம். அங்கு அளிக்கப்படும் முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், வாடிக்கையாளரைக் கட்டுப்படுத்தாது. சொத்துச் சேதத்துக்கான இழப்பீடு 20,000 வெள்ளிக்குள் இருந்தால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரை. ஈராண்டுக்குள் தொடுக்க வேண்டும். வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை என்பதால், ஆங்கிலம் தடுமாறும் முதியவர்கள் பயப்படுவார்கள். படங்களையும் ரசீதுகளையும் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டு போனால் பாதிப் பயம் போய்விடும். கூட்டுரிமை வீட்டுத் தகராறுகளுக்கு அடுக்குரிமைச் சொத்து வாரியம் இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் சமூக சமரச நிலையத்தை முயன்று பார்க்கலாம். 1998 முதல் அது இயங்கிவருகிறது. தமிழ் பேசும் சமரசர் கிடைப்பாரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

வாடகைக்கு இருப்பவர்களை இந்தப் பேச்சில் மறந்துவிடுகிறோம். தேக்கா வட்டாரத்தில் ஒரு வீட்டைப் பலர் பகிர்ந்து குடியிருப்பது சகஜம். கசிவு வந்ததும் வீட்டு உரிமையாளர் முன்பணத்திலிருந்து பிடித்துக்கொள்வார். ஈராண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தம் என்றால் அந்தத் தகராறும் அதே நடுவர் மன்றத்துக்குப் போகலாம். தரைக்கு அடியில் தேய்ந்துபோன பூச்சுக்கு, ஆறு மாதம் தங்கிய ஊழியர் எப்படிப் பொறுப்பாவார்?

பிரான்சில் இதை வேறு விதமாகக் கையாளுகிறார்கள். பாரிசின் லா ஷப்பேல் பக்கம் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கு வாடகைக்கு இருப்பவரும் காப்புறுதி வைத்திருப்பது கட்டாயம். தண்ணீர் இறங்கினால் மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் உட்கார்ந்து ஒரே படிவத்தை நிரப்பி, அவரவர் நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். 2018 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள ‘இர்சி’ என்னும் உடன்பாட்டின்படி, 5,000 யூரோ வரையிலான சேதத்தை ஒரே நிறுவனம் பொறுப்பேற்று விசாரித்து இழப்பீடு தரும். 1,600 யூரோ வரை என்றால் நிறுவனங்கள் ஒன்றையொன்று திரும்பத் துரத்துவதுமில்லை. அங்கும் தகராறு இல்லாமல் இல்லை. ஆனால் எழுபது வயது மூதாட்டியின் வீட்டுக்கு 14 நாள் கெடுவுடன் கடிதம் போகும் வாய்ப்பு குறைவு. இங்கே தீக் காப்புறுதியைச் சில வெள்ளியில் பெரும்பாலான வீடுகளுக்குக் கொண்டுசேர்க்க முடிந்தது. அதனுடன், அண்டைவீட்டாருக்கான பொறுப்பையும் சிறு தொகை அளவிலாவது இணைக்க முடியாதா என்று வீவகவையும் காப்புறுதித் துறையையும் கேட்கலாம். மூத்தோர் மட்டும் வசிக்கும் பழைய வீடுகளிலிருந்து அதைத் தொடங்கலாம். சந்தா கொஞ்சம் கூடும்தான். பெரியம்மா போன்றவர்கள் அதைக் கொடுக்கத் தயங்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அவருடைய விவகாரம் முடிய ஏறத்தாழ நான்கு மாதம் ஆனது. அலமாரியும் அறைகளின் வண்ணப்பூச்சும் பட்டியலிலிருந்து போயின. கூரை மூலையும் ஒரு விளக்கும் மிஞ்சின. சட்டப் பொறுப்பை ஒப்புக்கொள்வதாக ஆகாது, இதற்குமேல் கோரிக்கை எதுவும் வராது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, 1,300 வெள்ளியை நான்கு தவணையில் கட்டினார். குளியலறைத் தரையைச் சரிசெய்த செலவில் அவர் கால் பங்கு, அங்கிள் கால் பங்கு. அங்கிள் அந்தக் கால் பங்கைப் பற்றி இன்னும் முணுமுணுக்கிறார். பெரியம்மா கொடுத்தனுப்பிய முறுக்கை மட்டும் மறுக்கவில்லை.

போன மாதம் பெரியம்மாவின் சமையலறைக் கூரையில், கைப்பிடி அளவுக்கு ஓர் ஈரத்தடம் தெரிந்தது. மேல்வீட்டில் இப்போதுதான் புதிதாக ஒரு மலாய்க் குடும்பம் குடிவந்திருக்கிறது. பெரியம்மா அன்றைய நாளிதழை ஈரத்தடத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பேரனிடம் மூன்று படம் எடுத்துக்கொண்டார். பிறகு மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினார்.